நெற்றியும் கத்தரிக்கோலும்

கூந்தலைப் பற்றிய பேச்சு நம்மவர் வீடுகளில் எளிதில் முடிவதில்லை. நீண்டு தழைத்த கூந்தலைப் பெண்ணுக்குரிய செல்வங்களுள் ஒன்றாக எண்ணி வளர்ந்த சமூகம் நம்முடையது. வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல், சீயக்காய், சாம்பிராணிப் புகை, இறுகப் பின்னிய சடை, அதில் ஒரு முழம் பூ. நம் தாய்மார் அறிந்த கூந்தல் பராமரிப்பு இவ்வளவே. அத்தகைய குடும்பத்தில் பிறந்து மும்பை மாநகரில் வளரும் பெண் ஒருத்தி, கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, "அம்மா, இதைப்போல் முன்முடியை நெற்றியில் விழும்படி வெட்டிக்கொள்ளட்டுமா?" என்று கேட்டால் வீட்டில் என்ன நிகழும் என்பதை நேயர்களுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

இம்முடியை இன்றைய பெண்கள் 'பேங்ஸ்' என்கிறார்கள். அழகு நிலையத்தார் 'ஃபிரிஞ்ச்' என்பார்கள். அறுபது வயதைக் கடந்தவர்களைக் கேட்டால் 'சாதனா கட்' என்று புன்னகையோடு சொல்வார்கள். இக்கட்டுரையில் நாம் அதனை நெற்றிமுடி என்றே வழங்குவோம்.

இருப்புப்பாதை அலுவலகம் ஒன்றில் கோப்புகளுக்கிடையே காலங்கழிக்கும் நமக்கு இவ்விஷயத்தில் என்ன தகுதி என்று கேட்பாருமுளர். பெண் குழந்தை உள்ள வீட்டில் இக்கேள்வி என்றேனும் ஒருநாள் எழுந்தே தீரும் என்பதே நம் முதல் தகுதி. நம் சங்கத்துத் தாய்மார் சிலரிடமும், அழகு நிலையம் நடத்தும் தமிழ்ச் சகோதரி ஒருவரிடமும் கேட்டறிந்தவற்றையும், நூல்களிலிருந்து தெரிந்துகொண்டவற்றையும் தொகுத்து முன்வைக்கிறோம்.

ஒரு நெற்றிக்காகப் பிறந்த அலங்காரம்

சாதனா என்னும் நடிகை 1941-இல் கராச்சியில் பிறந்தவர். நாட்டுப் பிரிவினையின்போது அவருடைய சிந்திக் குடும்பம் ஊரைவிட்டு வெளியேறிப் பின்னர் பம்பாயில் குடியேறியது. 1960-இல் வெளிவந்த 'லவ் இன் சிம்லா' என்னும் இந்திப் படத்தில் அவர் கதாநாயகியானார். எவரும் ஏறிட்டுப் பாராத பெண் ஒருத்தி அழகும் துணிவும் பெற்று மாறுவதே அப்படத்தின் கதை. இயக்குநர் ஆர். கே. நய்யாருக்கு ஒரு கவலை இருந்தது. சாதனாவின் நெற்றி அகன்றது. காமிராவின் முன்னே அது இன்னும் அகலமாகத் தோன்றிற்று. ஆங்கில நடிகை ஆட்ரி ஹெப்பர்ன் நெற்றியில் முடி விழும்படி சிகையலங்காரம் செய்துகொள்வது அவருக்கு நினைவுக்கு வந்தது. 1953-இல் வெளிவந்த 'ரோமன் ஹாலிடே' படத்தில் ஹெப்பர்ன் ஏற்ற இளவரசி வேடம் ரோமாபுரியின் முடிதிருத்தகம் ஒன்றில் நீண்ட கூந்தலைக் குட்டையாக வெட்டிக்கொள்ளும் காட்சி உலகப் புகழ் பெற்றது. அம்முறையைத் தழுவிச் சாதனாவின் முன்முடியும் வெட்டப்பட்டது. படம் வெளியானதும் நாடெங்கும் பெண்கள் அழகு நிலையங்களுக்குச் சென்று 'சாதனா கட்' வேண்டுமெனக் கேட்கலாயினர். 1966-இல் சாதனாவும் நய்யாரும் மணம் புரிந்துகொண்டனர். சாதனா 2015-இல் மும்பையில் காலமானார். அவர் பெயர் தாங்கிய அலங்காரமோ இன்னும் வழக்கொழியவில்லை.

இவ்வரலாற்றில் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்த அலங்காரம் ஓர் அகன்ற நெற்றிக்கென்று எண்ணிச் செய்யப்பட்டது. அதைப் பார்த்து வெட்டிக்கொண்ட பெண்களுள் சிறிய நெற்றி உடையவர் எத்தனை பேர், சுருட்டை முடி உடையவர் எத்தனை பேர்! அவர்களுக்கு அது பொருந்தாமற் போயிருந்தால் அதில் வியப்பில்லை. மேலும், அதே 1960-இல் பிமல் ராயின் 'பரக்' படத்தில் எளிய கிராமத்துப் பெண்ணாக வந்த சாதனா, கதைக்கேற்ற எளிய தலைவாரலோடுதான் தோன்றினார். இடமறிந்து செய்வதே அலங்காரம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இது மேனாட்டாரிடமிருந்து வந்த பழக்கம், நமக்கு ஆகாது என்பாரும் உண்டு. அவர்கள் ஒருமுறை நம் மராட்டிய மாநிலத்திலேயே உள்ள அஜந்தாவுக்குச் சென்று வருவது நலம். ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட அவ்வோவியங்களில் நெற்றியோரம் சிறு சுருள்கள் விழுமாறு கூந்தலை ஒப்பனை செய்த மகளிரைக் காணலாம். அமரகோசம் என்னும் வடமொழி நிகண்டு நெற்றியில் விழும் சுருள்முடிக்கென வண்டின் பெயரால் அமைந்த ஒரு சொல்லையே தருகிறது. நம் வீடுகளிலும், பழனியிலோ திருப்பதியிலோ மொட்டையடித்த பெண் குழந்தைக்கு முடி வளர்ந்ததும் நெற்றியில் விழ ஒழுங்காகக் கத்தரித்துவிட்டு அழகு பார்க்கிறோம். ஐந்து வயதில் அழகாயிருந்தது பதினைந்து வயதில் குற்றமாவது எங்ஙனம் என்று பெண் கேட்டால், விடை சொல்லத் திணற வேண்டியதுதான்.

முகமும் முடியும்

நிற்க. யாருக்கு எவ்வகை பொருந்தும் என்பதைப் பார்ப்போம்.

நீண்ட முகமும் அகன்ற நெற்றியும் உடையவர்களுக்குப் புருவத்தைத் தொட்டும் தொடாமலும் நேராக விழும் நெற்றிமுடி எடுப்பாக இருக்கும். முகத்தின் நீளம் குறைந்து தோன்றும். வட்ட முகத்தினர் நேராக அடர்த்தியாக வெட்டிக்கொண்டால் முகம் இன்னும் வட்டமாகும். அவர்கள் பக்கவாட்டில் ஒதுக்கும் முறையையோ, நடுவில் குட்டையாகவும் இருபுறமும் நீண்டும் திரைச்சீலையை விலக்கினாற்போல் விழும் முறையையோ கொள்ளலாம். சதுர முகத்தினருக்கு ஓரம் கூர்மையின்றி மென்மையாக முடியும் வெட்டு நன்று. சிறு நெற்றியினர் மெல்லிய இழையாகச் சில முடிகளை மட்டும் விடுவதோடு நிறுத்திக்கொள்வதே உசிதம். மூக்குக்கண்ணாடி அணிபவர்களுடைய முடி கண்ணாடிச் சட்டத்தின்மேல் வந்து குவியலாகாது; சட்டத்துக்கு மேலே நிற்கவோ, பக்கவாட்டில் ஒதுங்கவோ வேண்டும்.

முகத்தைக் காட்டிலும் முடியின் இயல்பே முக்கியம். நம்மவர் பலருக்கு முடி நேராக இராது. அலையாகவோ சுருளாகவோ இருக்கும். சுருள்முடி நனைந்தபோது நீளமாயிருந்து, உலர்ந்ததும் மேலேறிவிடும். புருவம்வரை வேண்டுமென்று ஈரத்தில் வெட்டினால் உலர்ந்தபின் நெற்றியின் பாதியில் நிற்கும். ஆகவே சுருள்முடியை உலர்ந்த நிலையிலேயே, வேண்டிய அளவுக்கும் கீழே வைத்து வெட்டச் சொல்ல வேண்டும். கடலோரமாகிய மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர்வரை காற்றில் ஈரம் மிகுதி. அக்காலத்தில் சுருள் இன்னும் சுருங்கும். நேர்முடியும் விரிந்து பரட்டையாகும்.

சுழியையும் கவனிக்க வேண்டும். சிலருக்கு முன்நெற்றி மயிர்வரிசையிலேயே சுழி இருக்கும். அவ்விடத்து முடி எவ்வளவு வாரினாலும் இரண்டாகப் பிளந்து நிற்கும். அவர்களுக்கு நேர்வெட்டு ஓயாத போராட்டமாகும். சுழி எப்பக்கம் திரும்புகிறதோ அப்பக்கமே முடியை ஒதுக்கிவிடுவது புத்திசாலித்தனம்.

நெற்றியோரம் புதிதாகச் சிறு முடிகள் முளைத்து நிற்பதைக் கண்டு அதுவே நெற்றிமுடியாகட்டும் என்று வெட்டத் துணிவாருமுளர். மகப்பேற்றுக்குப் பின்னும், டெங்கு, டைஃபாய்டு போன்ற கடுங்காய்ச்சலுக்குப் பின்னும் இரண்டு மூன்று மாதங்களில் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்து மீண்டும் முளைப்பதுண்டு. அச்சிறு முடிகளை வளரவிட வேண்டுமேயன்றி வெட்டலாகாது.

வெட்டுமுன் ஓர் ஒத்திகை

ரயிலில் முன்பதிவு செய்த பயணத்தை உரிய காலத்தில் ரத்து செய்தால் சிறிது பிடித்தம் போக எஞ்சிய பணம் திரும்பும். வெட்டிய முடிக்கு அத்தகைய விதி எதுவும் கிடையாது. தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ அரை அங்குலமே வளரும். புருவமட்டத்தில் வெட்டிய முடி மோவாய்வரை வளர்ந்து சடையோடு சேரப் பத்து மாதம் முதல் ஓராண்டுவரை ஆகும். வெட்டுவதற்கு வேண்டியது ஒரு நிமிஷம்; மீள்வதற்கு வேண்டியது ஓராண்டு. இந்தக் கணக்கைப் பெண்ணிடம் முதலிலேயே சொல்லிவிடுவது பெற்றோர் கடமை.

ஆகவே முதலில் ஒத்திகை பார்க்கலாம். கூந்தல் முழுவதையும் உச்சியில் குதிரைவாலாகக் கட்டி, அதன் நுனியை முன்புறமாக நெற்றியில் விழவிட்டு ஊசி குத்திக்கொண்டால் நெற்றிமுடி வைத்தாற்போலவே தோன்றும். அக்கோலத்தில் கண்ணாடி பார்த்து, படமும் எடுத்துக்கொண்டு ஒரு வாரம் யோசிக்கட்டும். வாரம் முடிந்தபின்னும் ஆசை குறையவில்லையெனில் அது வெறும் சபலமன்று எனக் கொள்ளலாம்.

பரதநாட்டியம் பயிலும் பெண்கள் இன்னொன்றையும் எண்ண வேண்டும். நெற்றிச்சுட்டியும் சூரியப் பிரபையும் சந்திரப் பிரபையும் அணிய, நடுவகிடெடுத்து முன்முடியைப் படிய வாரியிருக்க வேண்டும். குட்டையான நெற்றிமுடி அதற்கு இடங்கொடாது. அரங்கேற்றமோ திருமணமோ ஓராண்டுக்குள் இருக்குமாயின், சற்று நீளமாக, பக்கவாட்டில் ஒதுக்கிப் படியவைக்கத்தக்க முறையையே கொள்வது நல்லது.

வெட்டும் முறை

முதல்முறை வீட்டில் வெட்ட வேண்டாம். கைதேர்ந்தவரிடம் செல்வதே மேல். "புருவத்துக்குக் கீழே விட்டு வெட்டுங்கள், போதாவிட்டால் பிறகு குறைக்கலாம்" என்று முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். மொழி தடையாகுமென்றால் புருவத்தில் விரலை வைத்துக் காட்டினால் போதும். அதைப் புரிந்துகொள்ள மராத்தியும் இந்தியும் தேவையில்லை.

பின்னர் மாதமொருமுறை ஒழுங்கு செய்வதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். சமையலறைக் கத்தரிக்கோல் உதவாது. முடி வெட்டுவதற்கென்றே உள்ள கூரிய சிறு கத்தரிக்கோல் வேண்டும். முன்நெற்றியிலிருந்து இரண்டு விரற்கடை பின்னே ஒரு புள்ளி. இரு புருவங்களின் வெளி ஓரங்களுக்கு நேரே இரு புள்ளிகள். இம்மூன்றையும் சேர்த்தால் வரும் முக்கோணத்துக்குள் அடங்கிய முடியே நெற்றிமுடி. மற்ற முடியை இறுகக் கட்டி ஒதுக்கிவிட வேண்டும். முடியை விரலால் இழுத்துப் பிடிக்கலாகாது; இழுத்து வெட்டியது விட்டவுடன் மேலேறும். கத்தரிக்கோலைக் குறுக்கே வைத்து ஒரே வெட்டாக வெட்டாமல், செங்குத்தாகப் பிடித்து நுனியைச் சிறிது சிறிதாகக் கொறிக்க வேண்டும். நடுவிலிருந்து தொடங்கி இருபுறமும் செல்வது முறை.

அன்றாடக் கவனிப்பு

நெற்றிமுடி எந்நேரமும் நெற்றியைத் தொட்டுக்கொண்டிருப்பதால் நெற்றியின் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் அதில் ஏறும். தலை முழுவதும் சுத்தமாயிருக்கையில் முன்முடி மட்டும் பிசுபிசுக்கும். நெரிசல் மிகுந்த மின்ரயிலில் அன்றாடம் சென்று வருவோர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. இதற்காகத் தினந்தோறும் தலைக்குக் குளிப்பது அவசியமன்று. மற்ற கூந்தலைக் கட்டிக்கொண்டு, முன்முடியை மட்டும் குழாயடியில் சிறிது ஷாம்பு இட்டு அலசி, துணியால் ஒற்றி, கையால் படிய வைத்து உலரவிட்டால் போதும்.

எண்ணெய் விஷயத்தில் நம்மவர் பழக்கத்தைச் சற்றே திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. தேங்காயெண்ணெய் முடிக்கு நல்லதென்பது பாட்டிமார் கூற்று மட்டுமன்று. அது முடியிலுள்ள புரதச்சத்து வீணாவதைக் குறைக்கிறது என்று மும்பை ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வொன்று காட்டிற்று. ஆயினும் முடிக்கு நல்லது நெற்றித் தோலுக்கும் நல்லதாக இருக்க வேண்டுமென்பதில்லை. எண்ணெய் தோய்ந்த முடி நெற்றியில் படிந்து கிடந்தால் மயிர்க்கால்கள் அடைபட்டுப் பரு உண்டாகும். பருவ வயதுப் பெண்களுக்கு இது மேலும் வருத்தம் தரும். எனவே எண்ணெய் தேய்க்கும் நாளில் முன்முடியைப் பின்னால் வாரி ஊசி குத்திவிட வேண்டும். அலசியபின்னரே நெற்றியில் விட வேண்டும். இரவில் உறங்கும்போதும் முன்முடியை மேலே ஒதுக்கிக்கொண்டால் நெற்றி தெளிவாயிருக்கும்.

சூட்டுக் கருவியால் முடியை நேராக்குவோர் ஈர முடியில் அதை வைக்கவே கூடாது. முடிக்குள் இருக்கும் நீர் கொதித்து முடியைச் சிதைக்கும். நாள்தோறும் சூடு காட்ட வேண்டிய முடியெனில், அம்முடிக்கு நேர்வெட்டு பொருந்தவில்லை என்பதே பொருள்.

அச்சங்கள்

முன்முடி விழுந்தால் கண் கெட்டுவிடும் என்பது முதியோர் அச்சம். புருவத்துக்கு மேல் நிற்கும் முடியால் பார்வை கெடுவதில்லை. ஆனால் ஏழெட்டு வயதுவரை குழந்தைகளின் பார்வை வளர்ந்துகொண்டிருக்கும். அக்காலத்தில் ஒரு கண் தொடர்ந்து மறைக்கப்பட்டால் அக்கண்ணின் பார்வை மங்கிப்போகக்கூடும் என்பது கண் மருத்துவம் கண்ட உண்மை. ஆதலின் குழந்தைகளுக்கு முடி கண்ணை மறைக்காதபடி பார்த்துக்கொள்வது முறையே. முதியோர் அச்சத்தில் இவ்வளவு நியாயம் உண்டு.

நெற்றியில் பொட்டுக்கு இடமேது என்பது அடுத்த கேள்வி. பொட்டு புருவ நடுவில் இருப்பது. நெற்றிமுடியைச் சிறிது விரித்து விட்டால் இடையே அது தெரியும். வகிட்டில் குங்குமம் இடும் சுமங்கலிகள் பக்கவாட்டில் ஒதுக்கும் முறையைக் கொண்டால் வகிடும் மறையாது.

இறுகப் பின்னிய சடையே முடிக்குக் காவல் என்று நினைப்பதும் முழுவதும் சரியன்று. ஆண்டுக்கணக்கில் முடியை இறுக இழுத்துப் பின்னுவதால் நெற்றியோரத்திலும் பொட்டுப் பக்கத்திலும் முடி குறைந்து மேடேறிவிடுவதைத் தோல் மருத்துவர்கள் காண்கிறார்கள். தளரப் பின்னுவது எக்காலத்துக்கும் நல்லது.

யார் தீர்மானிப்பது?

சயான் பகுதியில் நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் நிகழ்ந்ததைச் சொல்ல வேண்டும். பதினான்கு வயதுப் பெண் நெற்றிமுடி வேண்டுமென்று கேட்டாள். தாய் மறுத்தார், காரணம் சொல்லவில்லை. தந்தை, "நம் வீட்டில் இதெல்லாம் வழக்கமில்லை" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார். அன்றிரவு எல்லோரும் உறங்கியபின் அப்பெண் குளியலறையில் நின்று, முடியை நனைத்து, இழுத்துப் பிடித்து, காய்கறிக் கத்தரிக்கோலால் தானே வெட்டிக்கொண்டாள். காலையில் முடி உலர்ந்து புருவத்துக்கு மேல் இரண்டு விரற்கடை உயரத்தில், கோணலாக நின்றது. மூன்று நாள் அவள் பள்ளிக்குச் செல்லவில்லை. தந்தையோ அவளிடம் பேசவில்லை. பள்ளியில் அவளைத் 'தேல்' என்று, அதாவது எண்ணெய் என்று, தோழிகள் கேலி செய்துவந்த செய்தி அப்போதுதான் வீட்டாருக்குத் தெரியவந்தது. எண்ணெய் வழியும் இரட்டைச் சடையோடு அவள் எத்தனையோ மாதங்கள் அதைச் சகித்திருக்கிறாள்.

நான்காம் நாள், நெல்லையிலிருந்து வந்திருந்த பாட்டி பேத்தியின் அருகே சென்று அமர்ந்தார். "அழாதட்டி. முடிதானே, வளந்துரும். சீப்ப எடுத்துட்டு வா" என்றார். நீர் தொட்டுப் பக்கவாட்டில் வாரி, இரண்டு ஊசிகளைக் குத்தி, பள்ளிக்கு அனுப்பிவைத்தார். பத்து மாதத்தில் முடி வளர்ந்துவிட்டது. ஆனால் கேட்டால் மறுப்பார்கள், ஆகவே கேளாமலே செய்துகொள்ள வேண்டும் என்று அப்பெண் அன்றிரவு கற்றுக்கொண்டாளே, அந்தப் பாடம் எப்போது மறையும்? நெற்றிமுடியைக் காட்டிலும் பெற்றோர் கவலைப்பட வேண்டியது அதற்கே.

பிறந்த ஊரைவிட்டு வந்த நமக்கு ஓர் அச்சம் உண்டு. மொழியில் சிறிது போயிற்று, உணவில் சிறிது போயிற்று, இனிக் கூந்தலும் போனால் நம்மிடம் எஞ்சுவது என்ன என்று மனம் கலங்குகிறது. அக்கலக்கம் பொய்யன்று. ஆனால் நம் வழக்கங்களின் சுமை முழுவதையும் ஒரு சிறுமியின் தலையில் மட்டும் ஏற்றி வைப்பது நியாயமாகாது. நம் வீட்டு ஆண்மக்கள் குடுமியை எடுத்துக் கிராப்பு வைத்துத் தலைமுறைகள் பல கடந்துவிட்டன. அதனால் தமிழ் அழிந்துவிடவில்லை.

ஆதலால் நாம் சொல்வது இதுவே. பெண் கேட்கும்போது உடனே மறுக்கவும் வேண்டாம். கேட்டமாத்திரத்தில் கத்தரிக்கோலைக் கொடுக்கவும் வேண்டாம். ஏன் வேண்டுமென்கிறாள் என்று கேளுங்கள். அவளுடைய நெற்றியையும் முடியின் இயல்பையும் அவளோடு சேர்ந்து கண்ணாடியில் பாருங்கள். ஓராண்டுக் கணக்கைச் சொல்லுங்கள். ஒரு வாரம் ஒத்திகை பார்க்கச் சொல்லுங்கள். அன்றாடம் அலசுவதும் மாதமொருமுறை ஒழுங்கு செய்வதும் அவளுடைய பொறுப்பு என்பதை உணர்த்துங்கள். அதன்பின் முடிவை அவளிடம் விட்டுவிடுங்கள். வெட்டிக்கொள்ளச் செல்லும் நாளில் தாயும் உடன் சென்று பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருப்பாராயின், முடி எவ்வாறு அமைந்தாலும் அப்பெண் அழுதுகொண்டு வீடு திரும்பமாட்டாள்.